மலையுச்சியில் ஒரு கள்வன்: பார்த்திபன் வந்த வழி



பேராக் மாநிலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த நாளில், சம்பளம் போட்ட வாரத்தில் படக்காட்சிக்காரர்கள் லாரியில் வந்து இறங்குவார்கள். பந்துத் திடலில் இரண்டு கம்பங்களை நட்டு வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். லயத்து மக்கள் பாயையும் சாக்கையும் கொண்டு வந்து பொழுது சாயுமுன்னரே இடம் பிடிப்பார்கள். ஈப்போவைச் சுற்றியிருந்த அந்தத் தோட்டங்களில் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆனால், அக்காலத் தமிழ்ப் படங்களில் கண்ட சில காட்சிகளை நம் பெரியவர்கள் மறக்கவில்லை.

அவற்றுள் ஒன்று, 1950ஆம் ஆண்டு வெளிவந்த ‘மந்திரி குமாரி’ படத்தின் மலையுச்சிக் காட்சி. கணவன் தன் இளம் மனைவியை இனிமையாகப் பாடிக்கொண்டே மலைமேல் அழைத்துச் செல்கிறான். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாட, ஜி. இராமநாதன் இசையமைத்த அந்தப் பாட்டைக் கேட்டால், காதலர் இருவர் நிலவில் உலாவப் போகிறார்கள் என்றே தோன்றும். அவனோ அவளைக் கொல்வதற்காக அழைத்துச் செல்கிறான். கொஞ்சும் குரலில் கொலையை மறைத்த அந்த வில்லனின் பெயர் பார்த்திபன். அந்த வேடத்தில் நடித்தவர் எஸ்.ஏ. நடராஜன்.

இந்தப் பார்த்திபன் யார்? அவன் எங்கிருந்து வந்தான்? சினிமாக்காரர்களின் கற்பனையில் 1950இல் பிறந்தவனா? இல்லை. அவனுக்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயது உண்டு. அவன் வந்த வழியைத் தேடிப் போவோமானால், கொலைகாரன் ஒருவனைப் பற்றி நம் முன்னோர்கள் காலந்தோறும் என்ன நினைத்தார்கள் என்பது தெரியவரும். அதைத்தான் இன்றைய பேச்சில் காணப் போகிறோம்.

முதலில் வட இந்தியாவுக்குச் செல்வோம். மகத நாட்டின் தலைநகரம் இராசகிருகம். அங்கே ஒரு பெரும் செல்வர். அவருக்குப் பத்திரை என்றொரு மகள். அவள் பிறந்த அதே நாளில், அரசனின் புரோகிதர் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அது கள்வர்களுக்கு உரிய நட்சத்திரத்தில் பிறந்ததாம். அவனுக்குச் சத்துகன் என்று பெயரிட்டார்கள். வளர்ந்து அவன் கள்வனே ஆனான். ஒரு நாள் காவலர்கள் அவனைக் கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்வதைப் பத்திரை தன் வீட்டுச் சாளரத்தின் வழியே பார்த்தாள். பார்த்தவுடன் அவன்மேல் காதல் கொண்டாள். அவன் கிடைக்காவிட்டால் உயிர் வாழமாட்டேன் என்று படுத்துக்கொண்டாள். தந்தை என்ன செய்வார்? காவலனுக்குக் கையூட்டுக் கொடுத்து அவனை மீட்டு, மணநீரில் குளிப்பாட்டி, மகளுக்கு மணம் முடித்து வைத்தார்.

சில நாள் சென்றன. சத்துகனின் கண் மனைவியின் நகைகள்மேல் விழுந்தது. “என்னைக் கொல்லக் கொண்டுபோனபோது, பிழைத்தால் மலைத் தெய்வத்துக்குப் படையல் இடுவதாக நேர்ந்துகொண்டேன், நகைகளையெல்லாம் அணிந்துகொண்டு புறப்படு” என்றான். அது எந்த மலை தெரியுமா? ஒரு பக்கம் ஏறிப் போகலாம், மறுபக்கம் செங்குத்து. கள்வர்களை அங்கிருந்து தள்ளித்தான் கொல்வது வழக்கம். தனக்கு விதித்த சாவை மனைவிக்குக் கொடுக்க எண்ணினான் சத்துகன். கிந்தாப் பள்ளத்தாக்கில் சுவர்போல் எழுந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, அத்தகைய மலை விளிம்பு எப்படி இருந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

உச்சிக்குப் போனதும் அவன் உண்மையைச் சொன்னான். நகைகளை எல்லாம் தருகிறேன், உயிரை விடு என்று அவள் கெஞ்சினாள். நீ உயிரோடிருந்தால் என்னைக் காட்டிக் கொடுப்பாய் என்றான் அவன். அவள் ஒரு கணம் சிந்தித்தாள். சாகுமுன் கணவனை மும்முறை வலம்வந்து வணங்க வேண்டும் என்று கேட்டாள். அவன் இசைந்தான். வலம் வந்தவள், அவன் பின்னால் நின்ற கணத்தில் அவனைத் தள்ளிவிட்டாள். மலையில் வாழ்ந்த தெய்வம் இதைக் கண்டு, அறிவு ஆண்களுக்கு மட்டும் உரியதன்று என்று அவளைப் பாராட்டியதாம்.

வீடு திரும்ப மனமின்றி அவள் சமணத் துறவியர் கூட்டத்தில் சேர்ந்தாள். அங்கே அவள் கூந்தலைப் பறித்துக் களைந்தார்கள். மீண்டும் வளர்ந்த முடி சுருள் சுருளாக வளர்ந்தது. அதனால் குண்டலகேசி என்று பெயர் பெற்றாள். பின்னர் ஊர் ஊராகச் சென்று, ஊர் வாயிலில் மணலைக் குவித்து அதில் நாவல் கிளையை நட்டு, என்னோடு வாதாட வல்லவர் இதை மிதிக்கலாம் என்று அறைகூவல் விட்டாள். கடைசியில் புத்தரின் சீடரான சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தத் துறவியானாள். பாலி மொழியில் உள்ள பௌத்த உரைநூல்கள் இவ்வாறு கூறுகின்றன. பௌத்தப் பெண் துறவியரின் பாடல்களாகிய தேரி காதைக்கு உரை எழுதிய தருமபாலர் தென்னிந்தியர் என்பதும் நாம் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதையின் மிகப் பழைய வடிவங்களில் கொலைகாரன் சிறியவன். அவனுக்குப் பேச்சுத் திறமை இல்லை, கொள்கை இல்லை, நகை வேண்டும், அவ்வளவுதான். கதை அவனைப் பற்றியதே அன்று; அவனிடமிருந்து தப்பிய பெண்ணின் அறிவைப் பற்றியது.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். இந்தக் கதையைக் கொண்டு நாதகுத்தனார் என்னும் பௌத்தப் புலவர் ‘குண்டலகேசி’ என்ற காப்பியத்தைப் பாடினார். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் அதைப் படித்தவர் இன்று எவருமில்லை. ஏனென்றால் நூல் அழிந்துவிட்டது. 19 பாடல்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. அப்படியானால் கதை நமக்கு எப்படித் தெரிந்தது? அதை மறுக்க வந்தவர்களால் தெரிந்தது! குண்டலகேசியின் பௌத்த வாதங்களை மறுக்க, சமணர்கள் ‘நீலகேசி’ என்ற நூலை இயற்றினார்கள். அதற்குச் சமய திவாகர வாமன முனிவர் ஓர் உரை எழுதினார். எதிராளியின் கதையை அந்த உரை எடுத்துச் சொன்னதால் அது நமக்குக் கிடைத்தது. நீலகேசியை உரையுடன் அ. சக்கரவர்த்தி நயினார் 1936ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார்.

அதே 1936ஆம் ஆண்டில் நம் பேராக்கில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. பீடோரில் ஈய லம்பம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தபோது, மண்ணுக்குள்ளிருந்து எட்டுக் கரங்களுடைய அவலோகிதேசுவரரின் வெண்கலச் சிலை வெளிப்பட்டது. அவலோகிதேசுவரர் பௌத்தர்கள் வணங்கும் கருணைத் தெய்வம். கிந்தா வட்டாரத்திலும் பழைய புத்தர் சிலைகள் கிடைத்துள்ளன. ஒரு காலத்தில் வங்கக் கடலின் இரு கரைகளையும் பௌத்தம் இணைத்திருந்தது. முதலாம் இராசராசன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தைக் கட்டினான். சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக அளித்தான். கடாரம் என்பது நமக்கு வடக்கே உள்ள கெடா. ஆகவே குண்டலகேசியின் கதை நமக்கு எட்டாத தூரத்துக் கதை அன்று. அந்தச் சமயம் தழைத்த மண்ணில்தான் நம் பாட்டன்மார் பால்வெட்டவும் ஈயம் எடுக்கவும் வந்து சேர்ந்தார்கள்.

தமிழில் வந்தபோது கொலைகாரனின் பெயர் காளன் என்றாயிற்று. பெயரைவிட முக்கியமான மாற்றம் ஒன்றும் ஏற்பட்டது. அவன் ஏன் கொல்லத் துணிந்தான் என்பதற்குத் தமிழ்க் கதை வேறொரு காரணம் சொல்கிறது. கணவனும் மனைவியும் இன்பமாக வாழ்ந்து வரும்போது, ஒரு நாள் ஊடலில் அவள் விளையாட்டாக, “நீ கள்வன் அல்லவா?” என்று கேட்டுவிட்டாள். அந்தச் சொல் அவன் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அதை வெளிக்காட்டாமல் மனத்தில் வைத்துக்கொண்டான். தக்க நேரம் பார்த்து மலைமேல் அழைத்துச் சென்றான்.

எவ்வளவு நுட்பமான மாற்றம் பாருங்கள்! இங்கே மனைவியின் உயிரைக் கேட்பது நகையாசை அன்று, புண்பட்ட ஆணவம். தன்னைக் காப்பாற்றியவள் தன் பழைய நிலையை அறிந்தவளாக இருக்கிறாள் என்பதையே அவனால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குள்ளே நடக்கும் கொடுமைகளைக் கண்டவர்களுக்கு இது புதிதாக இராது. ஒரு சொல்லுக்காகக் கை ஓங்கும் கணவனை எல்லா ஊரும் அறியும், எல்லாக் காலமும் அறியும். தமிழ்க் கதையில் கள்வன் நமக்கு இன்னும் நெருங்கி வந்துவிட்டான்.

அடுத்ததாக நாடகமேடைக்கும் திரைக்கும் வருவோம். குண்டலகேசிக் கதையின் இந்தப் பகுதியை அடிப்படையாகக் கொண்டு மு. கருணாநிதி ‘மந்திரி குமாரி’ என்ற நாடகத்தை எழுதினார். சேலம் மாடர்ன் தியேட்டர்சு நிறுவனத்தார் அதைப் படமாக்கினார்கள். திரைக்கதையும் வசனமும் கருணாநிதியே எழுதினார். அமெரிக்கரான எல்லிசு ஆர். டங்கனும், அந்நிறுவனத்தின் முதலாளி டி.ஆர். சுந்தரமும் படத்தை இயக்கினார்கள். எம்.ஜி. இராமச்சந்திரன் தளபதி வீரமோகனாகவும், எம்.என். நம்பியார் இராசகுருவாகவும், மாதுரி தேவி மந்திரியின் மகள் அமுதவல்லியாகவும், ஜி. சகுந்தலா இளவரசி சீவரேகாவாகவும் நடித்தார்கள்.

திரைக்கு வந்த கள்வன் மூன்று வகையில் மாறியிருந்தான்.

முதலாவது, அவனுக்குப் பின்னால் அதிகாரம் வந்து நின்றது. பார்த்திபன் இராசகுருவின் மகன். அரசனையே ஆட்டிவைக்கும் தந்தை அவனுக்கு அரணாக இருக்கிறார். பாலிக் கதையில் சத்துகன் புரோகிதரின் மகன் என்று கண்டோம் அல்லவா? அங்கே அது பிறப்பைச் சொல்லும் ஒரு குறிப்பு மட்டுமே. புரோகிதர் மகனைக் காப்பாற்ற வரவில்லை. பெண்ணின் தந்தைதான் பணம் கொடுத்து மீட்டார். திரைப்படத்தில் அந்தக் குறிப்பு கதையின் முதுகெலும்பாகிவிட்டது. கள்வனைப் பிடித்துவிட்டாலும் தண்டிக்க முடியவில்லை என்பதுதான் இங்கே சிக்கல்.

இரண்டாவது, அவனுக்கு ஒரு குறை இருந்தது. தளபதிப் பதவி தனக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தான். அது வீரமோகனுக்குப் போயிற்று. அந்தக் கசப்பில்தான் இரவில் ஊர்களைக் கொள்ளையடிக்கப் புறப்பட்டான். நட்சத்திரத்தின் விளைவாகக் கள்வனானவன் பழைய கதையில் இருந்தான். ஏமாற்றத்தின் விளைவாகக் கள்வனானவன் படத்தில் வந்தான். பிறவியிலேயே கொடியவர் என்று எவரும் இல்லை, சூழ்நிலையும் மனமும் சேர்ந்துதான் மனிதனைக் கெடுக்கின்றன என்ற இருபதாம் நூற்றாண்டின் எண்ணம் இதில் தெரிகிறது.

மூன்றாவது, அவனுக்கு நாக்கு முளைத்தது. கொள்ளையடிப்பதை விட்டுவிடும்படி சொல்லும்போது, அதுவும் ஒரு கலை என்று அவன் வாதிடுகிறான். இந்த வசனம் அந்நாளில் பெரிதும் பேசப்பட்டது. கேட்டவர்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள், வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். அடுக்குமொழி வசனத்துக்காகவே மக்கள் படம் பார்க்கத் தொடங்கியிருந்த காலம் அது. அந்தப் புதிய ஆற்றலின் ஒரு பங்கு, நல்லவனுக்குப் போகாமல் வில்லனுக்குப் போய்ச் சேர்ந்தது.

இவ்விடத்தில் நம் நாட்டுக் கதை ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். கெடாவில் இராசா பெர்சியோங் என்னும் கொடுங்கோலன் கதை உண்டு. பெர்சியோங் என்றால் கோரைப்பல் உடையவன். சமையற்காரர் கீரை நறுக்கும்போது கையை வெட்டிக்கொள்ள, இரத்தம் குழம்பில் விழுகிறது. அதன் சுவையில் மயங்கிய அரசன் மனித இரத்தமே வேண்டும் என்று கேட்கத் தொடங்குகிறான். கொலைகள் பெருகப் பெருக அவனுக்குக் கோரைப்பற்கள் நீள்கின்றன. குடிகள் எழுந்து அவனை விரட்டுகிறார்கள். அவன் தன் பற்களைப் பிடுங்கி எறிந்த இடந்தான் பாலிங் என்பார்கள். மலாய் மொழியில் ‘பாலிங்’ என்றால் வீசி எறிதல். நாட்டின் முதற்பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் எழுதிய கதையைக் கொண்டு, சமில் சூலோங் இயக்கத்தில் 1968இல் இது திரைப்படமாக வந்தது.

இராசா பெர்சியோங்கைக் கண்டால் எவருக்கும் தெரிந்துவிடும். அவன் குற்றம் அவன் வாயிலேயே முளைத்துத் தெரிகிறது. பார்த்திபனுக்குக் கோரைப்பல் இல்லை. அழகாக இருக்கிறான், இனிமையாகப் பேசுகிறான், பாடுகிறான். உலகத்தில் நாம் சந்திக்கும் கொடியவர்களில் பற்கள் நீண்டவர் எத்தனை பேர்? பார்த்திபனைப் போன்றவர் எத்தனை பேர்? எண்ணிப் பார்த்தால், இரண்டு கதைகளுள் எது அதிகம் அச்சம் தருவது என்பது விளங்கும்.

படம் வந்த காலத்தையும் நாம் மறக்கக் கூடாது. 1948 சூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் பகுதியில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது, 1960 வரை அது நீடித்தது. ‘மந்திரி குமாரி’ வந்த 1950இல் பேராக் தோட்டப்புறங்கள் அவசரகாலச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தன. இருட்டிய பிறகு வெளியே வருபவன் யார், நமக்கு வேண்டியவனா வேண்டாதவனா என்ற கேள்வி அன்று கதைக்குள் மட்டும் இருந்த கேள்வி அன்று. பகலில் பெரிய இடத்துப் பிள்ளையாகவும் இரவில் கொள்ளைக்காரனாகவும் வாழும் ஒருவனின் கதை, அந்நாளில் மனத்தில் ஆழமாக இறங்கியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

அடுத்து ஒரு கேள்வி எழுகிறது. வில்லனுக்கு இவ்வளவு கவர்ச்சி கொடுக்கலாமா? பிள்ளைகள் அவனைப் பார்த்துக் கெட்டுப்போக மாட்டார்களா? நம் நாட்டுத் தமிழர்களுக்கு இது வெறும் இலக்கியக் கேள்வி அன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர ஓரங்களுக்குப் பெயர்ந்த பிறகு, இளைஞர் சிலர் குண்டர் கும்பல்களில் சேர்ந்து அழிந்ததை நாம் கண்டோம். அந்த வாழ்க்கையைச் சஞ்சய் குமார் பெருமாள் 2015இல் ‘ஜகாட்’ என்ற படமாக எடுத்தார். கெட்டவன் என்று பொருள்படும் மலாய்ச் சொல்லை நம் மக்கள் தமிழாக்கிப் பேசும் சொல்லே அந்தப் படத்தின் பெயர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாழும் ஒரு சிறுவன், வீட்டிலும் பள்ளியிலும் அடி வாங்கி, குண்டர்களின் மிடுக்கில் மயங்கி, மெல்ல அந்தப் பக்கம் சாய்வதை அது காட்டுகிறது. 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. பதவி கிடைக்காத கசப்பில் பார்த்திபன் கெட்டான். மதிப்புக் கிடைக்காத ஏக்கத்தில் இந்தச் சிறுவன் தடுமாறுகிறான். வேர் ஒன்றுதான்.

ஆகவே, கவர்ச்சியில்லாத வில்லனைக் காட்டுவதால் பிள்ளைகள் பிழைத்துவிட மாட்டார்கள். வெளியே கவர்ச்சியுடன் வரும் தீமையை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தால்தான் பிழைப்பார்கள். ‘மந்திரி குமாரி’ அதைச் செய்தது. கொள்ளையைக் கலை என்று சொன்னவனுக்குக் கைதட்டிய அதே கூட்டத்தை, அவன் தன் மனைவியையே மலை விளிம்புக்கு இழுத்துச் செல்லும்போது நெஞ்சு பதைக்க வைத்தது. அழகாகப் பேசுகிறான் என்று நாம் மயங்கினோமே, அந்தப் பேச்சின் முடிவு இதுதானா என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் இடம் அது. பாட்டு எவ்வளவு இனிமையோ அவ்வளவுக்கு அதிர்ச்சி.

நேயர்களே! மூன்று கதைகளிலும் கள்வன் மாறிக்கொண்டே வந்தான். முதலில் நகைக்காகக் கொல்லத் துணிந்தான். பிறகு ஆணவத்துக்காகக் கொல்லத் துணிந்தான். பிறகு அதிகாரத்தின் நிழலில் நின்று, கொள்கை பேசிக்கொண்டே கொல்லத் துணிந்தான். மாறாமல் இருந்தவள் ஒருத்தி. சத்துகன் முன்னும் காளன் முன்னும் பார்த்திபன் முன்னும் அந்தப் பெண் ஒன்றையே செய்தாள். அழுதுகொண்டு நிற்காமல் சிந்தித்தாள். கணவனை வலம் வருவது மனைவியின் கடமை என்று உலகம் சொல்லியிருந்தது. அந்தக் கடமையையே காரணமாகக் காட்டி அவன் முதுகுப்புறம் போய்ச் சேர்ந்தாள்.

கொலைக்குக் கொலை என்று நாம் போதிக்க வரவில்லை. அக்கதைகளிலும் அவள் வெற்றிக் களிப்போடு வீடு திரும்பவில்லை. துறவறம் பூண்டு உண்மையைத் தேடிப் போனாள். ஆனால் அவளுக்கு அந்த உச்சியில் வேறு வழி இருக்கவில்லை. கூப்பிட்டால் வருவதற்கு ஊர் இல்லை. முறையிட மன்றம் இல்லை. இன்று நிலைமை வேறு. மலேசியாவில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு, 1996இல் நடைமுறைக்கு வந்தது. அடிக்கும் கணவன்மேல் காவல் நிலையத்தில் புகார் செய்யலாம். நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை பெறலாம். சமூகநலத் துறையின் உதவியை நாடலாம். மலை விளிம்பு வரை போகும்வரை எந்தப் பெண்ணும் காத்திருக்க வேண்டியதில்லை. அது குடும்ப விவகாரம், நமக்கேன் என்று அண்டை வீட்டார் ஒதுங்கியிருக்க வேண்டியதும் இல்லை.

ஒரு காப்பியம் அழிந்தது. பத்தொன்பது பாடல்கள் போக மற்றவையெல்லாம் மண்ணாகிப் போயின. ஆயினும் அதன் கள்வன் அழியவில்லை. புதுப்புது ஆடை உடுத்தி வந்துகொண்டே இருக்கிறான். அவனை அடையாளம் காட்டுவதற்காகவே கதையும் பெயர் மாறி, ஊர் மாறி, ஓலையிலிருந்து மேடைக்கும் மேடையிலிருந்து திரைக்கும் வந்து சேர்ந்தது. பழைய படங்களைப் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கும் வாய்ப்பு இன்று எளிதாகக் கிடைக்கிறது. அப்படிப் பார்க்கும்போது பாட்டை ரசிப்பதோடு நின்றுவிடாமல், பாடுகிறவன் எங்கே அழைத்துச் செல்கிறான் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம்.